குரல் நின்றால் நிற்கணும்

'எறக்கு' என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் அவள்.

கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவளுக்கு சிக்னல் என்று பெயர். மஞ்சள் தொப்பி, கையில் ரேடியோ, கழுத்தில் வியர்வை துடைக்க ஒரு துண்டு. கிரேன் தூக்கிவரும் கான்கிரீட் வாளி லிஃப்ட் சுவருக்குப் பின்னால் போய்விட்டால், உச்சியில் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆப்பரேட்டருக்கு ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம் அவருக்குக் கண் அவள்தான். "எறக்கு... எறக்கு... எறக்கு..." என்று இடைவெளி விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள். குரல் கேட்கிறவரை வாளி இறங்கும். குரல் நின்றால் வாளியும் நிற்கும். 'நிறுத்து' என்ற வார்த்தைக்கு அங்கே வேலையே கிடையாது. ரேடியோ பழுதாகலாம், பேட்டரி தீரலாம், சிக்னல் சொல்கிறவரே சுருண்டு விழலாம். எது நடந்தாலும் சத்தம் நின்றுபோகும். சத்தம் நின்றால் கிரேன் நின்றுவிட வேண்டும். அந்தத் தொழிலில் அதுதான் முதல் பாடம்.

கூண்டுக்குள் இருந்த ஆப்பரேட்டர் அவளுடைய புருஷன்.

"பொண்டாட்டி பேச்சுக்கு ஆடுறதுக்குச் சம்பளம் வாங்குற ஆம்பள, உலகத்துலேயே நம்ம அண்ணன் ஒருத்தர்தான்" என்பான் கொக்கி. வாளியை மாட்டுவதும் கழற்றுவதும் அவன் வேலை. பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

"வீட்ல அவ வாயை மூடுனா பேசுங்கன்னு அர்த்தம். இங்க மூடுனா நில்லுன்னு அர்த்தம். ரெண்டையும் குழப்பிக்காம இருக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்று ரேடியோவிலேயே பதில் வரும். தளம் முழுக்கச் சிரிக்கும். அவர் சிரித்தால் கூண்டே குலுங்கும் என்பார்கள். அவ்வளவு பெரிய உடம்பு.

அந்த உடம்புக்கு வினை ஒரு பெல்ட் ரூபத்தில் வந்தது.

புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி கூண்டைச் சோதித்தார். மேலே ஆளுக்கு ஏதாவது ஆனால் கட்டி இறக்குவதற்கு ஒரு மீட்பு பெல்ட் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது. நூறு கிலோவுக்கு மேல் தாங்காது என்று அதன் ஓரத்தில் தைத்திருந்தார்கள். அவர் ஆப்பரேட்டரைக் கீழே வரச்சொல்லி சிமெண்ட் மூட்டை நிறுக்கிற மெஷினில் ஏற்றினார். முள் நூறைத் தாண்டியும் மூச்சு வாங்காமல் ஓடியது.

"பெரிய பெல்ட் வாங்கித் தாங்க சார்" என்றார் ஆப்பரேட்டர்.

"பெல்ட் பெருசாகலாம். ஆனா ஏணியச் சுத்தியிருக்கிற அந்தக் கம்பிக் கூட்டுக்குள்ள ரெண்டு பேர் உங்களப் பிடிச்சுக் கொண்டுவரணுமே. அது பெருசாகாதே. அடுத்த சோதனைக்குள்ள எடையக் குறைங்க. இல்லன்னா ஆளத்தான் மாத்தணும். என்னைத் தப்பா நினைக்காதீங்க."

அன்று மாலை வீட்டில் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். இருபது வருஷமாக அந்த உயரத்தில் உட்கார்ந்தவர். தரையில் என்ன வேலை தெரியும் அவருக்கு? அவளுடைய பயம் வேறு. ஏனென்றால் எடையைவிடப் பெரிய விஷயம் ஒன்று அந்த வீட்டுக்குள் இருந்தது. அது புருஷன் பெண்டாட்டி இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குச் சர்க்கரை. ஊருக்கு மறுகோடியில் ஒரு டாக்டரிடம் காட்டி ரகசியமாக மாத்திரை சாப்பிட்டு வந்தார். சைட்டுக்குத் தெரிந்தால் கூண்டுக்குள் விடமாட்டார்கள் என்ற பயம். காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை. எடுத்துக் கொடுப்பது அவள். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் ஓடிவந்தாள். எடை குறைப்பு கிளினிக் ஒன்றில் வரவேற்பில் உட்கார்கிறவள்.

"அண்ணா, இதுக்குப் போய் முகத்தத் தொங்கப்போடுவாங்களா? எங்க டாக்டர்கிட்ட வா. வாரத்துக்கு ஒரு ஊசி. பசியே எடுக்காது. காலையிலயும் மதியமும் பவுடரத் தண்ணியில கரைச்சுக் குடிச்சா போதும். உன்னைவிடக் குண்டா வந்தவங்கல்லாம் பழைய பேன்ட்டத் தூக்கிப் போட்டுட்டுப் போறாங்க."

"என்னைவிடக் குண்டா ஒருத்தன் இருக்கானா? அவனப் பாக்கிறதுக்காகவாவது வரேன்."

கிளினிக்கில் வேறு நோய் உண்டா, மாத்திரை உண்டா என்று கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் அவள் காலை மிதித்தார். "ஒண்ணும் கிடையாது டாக்டர். கல்லு மாதிரி உடம்பு." ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையின் தயவில் சர்க்கரை அடங்கி ஒடுங்கி நல்ல பிள்ளை மாதிரிதான் காட்டியது.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "ஏங்க, டாக்டர்கிட்டயுமா மறைக்கிறது?"

"இவங்க குடுக்கிற சர்ட்டிபிகேட் நேரா கம்பெனிக்குப் போகும்டி. உன் உத்தமத்த அப்புறம் காட்டு."

"உங்க தங்கச்சிகிட்டயாவது..."

"அவகிட்டச் சொன்னா போஸ்டர் ஒட்ட வேண்டாம்."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஊசி வேலை செய்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் வாரம் குமட்டிக்கொண்டு கிடந்தவர் பிறகு சரியானார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால் பக்கத்து வீட்டுத் தட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அவருடைய பேன்ட் பெல்ட்டில் அவள் புதிது புதிதாக ஓட்டை போட்டாள். சுவரை உலுக்கும் குறட்டை நின்றது. முட்டிவலி இல்லாமல் ஏணி ஏறினார். வருஷக்கணக்கில் அவள் குனிந்து கட்டிவிட்ட ஷூ கயிற்றை ஒரு காலையில் தானே குனிந்து கட்டிவிட்டு, மெடல் வாங்கினவர் போல நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணே, காத்தடிச்சா ஜன்னலச் சாத்திக்கங்க. பறந்துடப் போறீங்க" என்று கொக்கி ரேடியோவில் சீண்டினான்.

பயம் எப்போது ஆரம்பித்தது என்று பிறகு யோசித்தால் அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நினைவுக்கு வரும். சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பப் போனாள். பிடரியில் கை வைத்தாள். குழாயடியில் நனைந்த துணி மாதிரி சில்லென்று இருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. உலுக்கினாள். கண்ணைத் திறந்தவர் அவளை யாரோ என்பது போலப் பார்த்தார். "சாவியக் குடுத்துட்டியா?" என்றார்.

"எந்தச் சாவிங்க?"

"அதான்... சாவி." கொஞ்ச நேரம் கழித்து பால் வாங்கிக் குடித்தார். பழைய மனுஷர் ஆனார். "கனவுடி. போய் வேலையப் பாரு."

அடுத்தடுத்து இப்படி நடந்தது. பேனா பிடிக்கும்போது கை நடுங்கியது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். இருபது வருஷத்தில் அவளை 'சனியனே' என்று சொல்லாதவர், உப்பு டப்பா மூடி திறந்திருந்ததற்குச் சொன்னார். குடிக்கிறாரோ என்று ரகசியமாக மூச்சை மோந்து பார்த்தாள். பவுடரின் வாசனைதான் வந்தது.

நாத்தனாரிடம் சொன்னாள்.

"அட அண்ணி, அது கொழுப்பு உருகுது. வேர்க்காம எப்படி? பட்டினி கிடந்தா யாருக்கும் கோவம் வரத்தான் செய்யும். நான் ஒருவேள சாப்பிடலன்னா எங்க வீட்டுக்காரரக் கடிச்சுத் தின்னுடுவேன்."

"உடம்பு சில்லுன்னு ஆகுதும்மா."

"மேல போத்தியிருந்த கம்பளிய எடுத்தாச்சுல்ல? சில்லுன்னுதான் இருக்கும்" என்று சிரித்தாள். தெரிந்ததை வைத்துத்தான் சொன்னாள் பாவம். தெரியாதது ஒன்று இருக்கிறது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லையே.

அவளுக்கும் சிரிக்கத்தான் ஆசை. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் மாத்திரையைப் பிரிக்கும்போது விரல் தயங்கியது. "ஏங்க, பாதி போடவா?"

"பைத்தியமா உனக்கு? சர்க்கரை மாத்திரைய விட்டா ஏறிடும்டி. சோத்த விடலாம், மாத்திரைய விடக்கூடாது. கொண்டா."

கொடுத்தாள்.

கிளினிக்கில் கடைசி எடை பார்க்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள். காலையிலேயே காற்று அனலாக இருந்தது. மேல்தளத்தில் கம்பி கட்டுகிறவர்களின் கையுறைகள் கருகிய வாடை அடித்தன. வாளி வரிசையாக வந்துகொண்டிருந்தது. கான்கிரீட் காய்வதற்குள் கொட்டியாக வேண்டும். கொக்கி வாளியின் வாயைத் திறக்க, ஆறேழு பேர் மண்வெட்டியோடு பாய்ந்து பரப்பினார்கள்.

அடுத்த வாளிக்காகக் காத்திருந்தபோது தண்ணீர் குடிக்கப் பையைத் திறந்தாள். உள்ளே அவருடைய பவுடர் பாட்டில் கிடந்தது. வீட்டில் கலக்கிக் கொடுத்த நிலையிலேயே, மூடிகூடத் திறக்காமல். நாளை எடை பார்க்கணும் என்று குடிக்காமலே ஏறிவிட்டார். மாத்திரையை மட்டும் அவள் கண் முன்னால் விழுங்கியிருந்தார்.

"என்னங்க" என்று ரேடியோவை அழுத்தினாள். "பாட்டில வெச்சுட்டுப் போயிட்டீங்க. கொக்கிகிட்டக் குடுத்தனுப்பவா?"

பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. "சொல்லு."

"பாட்டிலுங்க."

"சொல்லு சொல்லு" என்றார். குரல் வழுக்கியது.

அதற்குள் வாளி சுவரைத் தாண்டி வந்துவிட்டது. ஆட்கள் தலைக்கு மேலே. அவள் வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. "எறக்கு... எறக்கு... எறக்கு..." ஆளுயரம் வந்ததும் நிறுத்தினாள்.

வாளி நிற்கவில்லை.

ஒரு கணம்தான். மண்வெட்டியை ஊன்றிக் குனிந்திருந்த ஒருவனின் தொப்பியை வாளி தட்டிவிட்டு நின்றது. தொப்பி உருண்டது. "ஏய்! சாகடிக்கப் பாக்குறியா?" என்று அவன் மேலே பார்த்துக் கத்தினான். இருபது வருஷத்தில் அந்தக் கை ஒருதடவைகூடப் பிந்தியதில்லை.

"எல்லாரும் விலகுங்க! விலகுங்க!" என்று கத்தினாள். ஆட்கள் சிதறினார்கள். கொக்கி வாளியைக் கொட்டிக் கழற்றிவிட்டு ஓடிவந்தான். சைட் இன்ஜினியரும் வந்தார்.

ரேடியோ கரகரத்தது. "அம்மா, கதவத் தெற. நான் வந்துட்டேன்."

அவருடைய அம்மா செத்துப் பல வருஷமாகிறது.

"அக்கா" என்றான் கொக்கி. முகம் வெளுத்திருந்தது. "எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆகும். இது சர்க்கரை எறங்குற பேச்சு. அண்ணனுக்குச் சர்க்கரை உண்டா?"

எறங்குமா? சர்க்கரை எறங்குமா? ஏறும் என்று மட்டும்தானே பயந்தாள். ஏறக்கூடாது என்றுதானே தினமும் கையால் எடுத்துக் கொடுத்தாள்.

"உண்டு" என்றாள்.

கொக்கி மேற்கொண்டு கேட்கவில்லை. டீ போடுகிற இடத்தில் இருந்த சர்க்கரை டப்பாவையும் ஒரு தண்ணீர் பாட்டிலையும் பையில் திணித்துக்கொண்டு ஏணிக்கு ஓடினான். ஏணி உயரம் எல்லாருக்கும் தெரியும். பறந்து போக முடியாது.

அப்போது கூண்டின் கதவு திறந்தது.

வெயிலில் ஒரு வெள்ளைச் சட்டை வெளியே வந்தது, கையில் ரேடியோவோடு. கூண்டுக்கும் ஏணிக்கும் நடுவே பலகை அகலத்தில் ஒரு நடைபாதை. இடுப்பில் கொக்கி மாட்டாமல் அங்கே யாரும் கால் வைக்கக்கூடாது. அவர் எதையும் மாட்டவில்லை. வீட்டு வாசலில் இறங்குகிறவர் மாதிரி ஒரு காலை நீட்டினார்.

"இருங்க! அங்கயே இருங்க, என்னங்க, நகராதீங்க!" என்று ரேடியோவில் அலறினாள்.

"ம். வரேன்" என்றார். அடுத்த காலையும் எடுத்து வைத்தார்.

"வேணாங்க, உக்காருங்க, உள்ள போங்க..."

"வரேன், வரேன்." இன்னொரு அடி.

மூச்சு முட்டி நிறுத்தினாள். அவரும் நின்றார்.

"பேசுங்க, விடாமப் பேசுங்க!" என்றார் இன்ஜினியர். "பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா நிதானம் வரும்." அவர் சொன்னதில் தப்பில்லை. யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவள் ரேடியோவை அழுத்தினாள். "என்னங்க, நான் சொல்றதக் கேளுங்க" என்றாள். அந்த வெள்ளைச் சட்டை உடனே அசைந்தது. கைப்பிடிக் கம்பியைத் தாண்டி ஒரு கை காற்றைத் துழாவியது.

அப்போதுதான் அவள் நெஞ்சில் ஆணி இறங்கினாற்போல உறைத்தது. அவருக்கு வார்த்தை எதுவும் புரியவில்லை. சைட், வீடு, பெண்டாட்டி எல்லாம் அழிந்துபோய்விட்டது. மிச்சம் இருப்பது இருபது வருஷமாகக் கையிலும் காலிலும் ஊறிப்போன ஒன்றே ஒன்று. குரல் கேட்டால் போ. குரல் நின்றால் நில்.

கூப்பிடக் கூப்பிட அவரை அந்த விளிம்புக்கு நடத்திக்கொண்டிருந்தது அவள்தான்.

விரலை எடுத்தாள்.

ரேடியோ ஊமையானது. மேலே அவர் நின்றார். ஒரு கால் பலகையில், ஒரு கால் பாதி தூக்கியபடி.

"ஏன் நிறுத்திட்டீங்க? பேசுங்கம்மா! இங்க குடுங்க, நான் பேசுறேன்" என்று இன்ஜினியர் கை நீட்டினார். அவள் ரேடியோவை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"யாரும் பேசக்கூடாது சார். குரல் வந்தா நடப்பாரு. எல்லா ரேடியோவையும் அணைக்கச் சொல்லுங்க. கும்பிட்டுக் கேக்குறேன்."

இன்ஜினியர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு திரும்பி ஓடினார். பம்பு, லாரி, கீழே கேட் என்று ஒவ்வொரு ரேடியோவும் அணைந்தது. கான்கிரீட் கலக்கும் மெஷினைக்கூட நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய இடத்தில் காற்று சாக்குத் துணியை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். கொக்கி ஏணிக் கூட்டுக்குள் எறும்பு மாதிரி ஏறிக்கொண்டிருந்தான். இன்னும் பாதிகூடப் போகவில்லை. மேலே அவர் ஆடினார். ஒருமுறை நன்றாகவே சாய்ந்தார். அவள் பல்லால் உதட்டைக் கடித்ததில் ரத்தம் வாய்க்குள் கரித்தது. என்னங்க என்ற ஒரு சொல் தொண்டையில் முட்டி முட்டி வந்தது. அதை விட்டால் செத்தார். கட்டின புருஷன் கண்ணெதிரே விழப்போகிறார், கத்தக்கூடாது என்றால் அது என்ன தண்டனை?

ரேடியோவில் அவர் குரல். சின்னப் பையன் குரல் மாதிரி. "யாருமே இல்லையா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பதில் சொல்லவில்லை.

திறந்தபோது அவர் உட்கார்ந்திருந்தார். நின்று நின்று கால் மடிந்து அந்தப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தார். கால் இரண்டும் வெளியே தொங்கின. கொக்கி கடைசிப் படியைத் தாண்டி, தவழ்ந்து போய், பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்தான். முதல் வேலையாகத் தன் பெல்ட்டின் கொக்கியை அவர் பெல்ட்டில் மாட்டினான். பிறகுதான் சர்க்கரையை அள்ளி அவர் வாயில் திணித்தான். தண்ணீரைச் சிறிது சிறிதாகப் புகட்டினான்.

எவ்வளவு நேரமோ. ரேடியோ கரகரத்தது.

"அக்கா, என்னைக் கெட்ட வார்த்தையில திட்டுறாரு. நல்லாயிட்டாரு."

அவள் அப்படியே ஈரக் கான்கிரீட்டில் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "ஊசியும் குத்தம் இல்ல, எடை குறைஞ்சதும் குத்தம் இல்ல. எடை குறைஞ்சதால இவர் உடம்பு தேறியிருக்கு. முன்னாடி தேவைப்பட்ட மாத்திரை இப்ப அதிகம். அதுவும் இந்த வகை மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடலன்னாலும் சர்க்கரைய இழுத்துக் கீழ தள்ளிக்கிட்டே இருக்கும். ரெண்டு டாக்டரும் ஒருத்தரப் பத்தி ஒருத்தர் தெரிஞ்சிருந்தா முதல் வாரமே இதக் குறைச்சிருப்பாங்க."

"இனி பயம் இல்லையே டாக்டர்?"

"இருக்கு. அந்த மாத்திரை இன்னும் உடம்புலதான் இருக்கு. மறுபடி எறங்கலாம். இங்கயே வெச்சுப் பாக்கணும். முக்கியமா, பசி இல்லன்னாலும் நேரத்துக்குச் சாப்பிட வைங்க."

நாத்தனார் சுவரோரம் நின்று மூக்கை உறிஞ்சினாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா. கம்பளின்னு கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தேனே பாவி." அவர் மேலே ஓடும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். "இப்ப எப்படி இருக்கு? என்னாச்சு?"

"வெயில் சார்" என்றார் ஆப்பரேட்டர், நொடி தாமதிக்காமல். "கூண்டுல ஏசி சரியில்ல. லேசாத் தல சுத்திடுச்சு. நாளைக்கே ஏறிடுவேன். எடைகூடப் பெல்ட்டுக்குள்ள வந்துடுச்சு, வேணும்னா நிறுத்துப் பாருங்க."

போர்வைக்கு மேல் அவர் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அழுத்தியது. கிளினிக்கில் காலை மிதித்த அதே மனுஷர்.

அதிகாரி தலையசைத்தார். கதவைப் பார்த்துத் திரும்பினார்.

"வெயில் இல்ல சார்" என்றாள் அவள். "சர்க்கரை. மாத்திரை சாப்பிடுறாரு, ரெண்டு வருஷமா. தினமும் எடுத்துக் குடுத்தது நான்தான். என்னையும் சேத்தே எழுதிக்கங்க."

மணிக்கட்டிலிருந்த கை விலகிக்கொண்டது.

"சரி" என்றார் அதிகாரி. "டாக்டர் எழுதிக் குடுக்கிறவரைக்கும் மேல ஏற வேண்டாம். அதுக்கப்புறம் பாக்கலாம். உறுதி எதுவும் சொல்ல முடியாது." அவர் போய்விட்டார். நாத்தனாரும் கண்ணைத் துடைத்தபடி பின்னாலேயே வெளியேறினாள்.

"என்னைக் கீழ எறக்கிட்டல்ல" என்றார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. "இருபது வருஷம். ஒரே வார்த்தையில."

"ஆமா."

"என் பொழப்பு அதுதான்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவளுக்குப் பதில் இருந்தது. 'யாருமே இல்லையா' என்று அவர் கேட்ட குரல் காதிலேயே நின்றது. சொன்னால் அழுதுவிடுவாள். அழுதால் இப்போதைக்கு நிறுத்த முடியாது.

நர்ஸ் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ரொட்டி, அவித்த முட்டை, ஒரு கிண்ணம் சூப். "முழுக்கச் சாப்பிட வைங்கம்மா. அரை மணியில வந்து ரத்தம் பாப்பேன்."

"வேணாம்" என்றார் அவர். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு வாய்ங்க."

"பசிக்கல."

"பசிக்காதுங்க. பசிக்கலன்னாலும் சாப்பிடணும்னாங்க."

அவள் கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். அவர் பிடரியில் கை வைத்துப் பார்த்தாள். ஈரமா? தன் உள்ளங்கை வியர்வையா? தெரியவில்லை. நெற்றியைத் தொட்டாள். அதுவும் தெரியவில்லை. கிண்ணத்தை எடுத்து ஸ்பூனில் சூப்பை மொண்டு அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். கை கிடுகிடுவென்று ஆடியது. ஸ்பூன் கிண்ணத்தின் விளிம்பில் மோதி டக்டக்கென்று சத்தம் போட்டது. ஒரு சொட்டு போர்வையில் விழுந்தது. இன்னொரு சொட்டு.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆட்டாதடி. கொட்டுது" என்றார்.

"நிக்க மாட்டேங்குதுங்க."

அவர் தன் கையை உயர்த்தி, அவள் கையோடு சேர்த்து ஸ்பூனைப் பிடித்தார். அந்தக் கையும் ஆடியது. இரண்டு கையுமாக ஆடி ஆடி ஸ்பூன் வாய்க்குள் போனது.

அவர் விழுங்கும்வரை அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினார். அடுத்த ஸ்பூனை மொண்டாள்.